பெல்ட்டை எங்கே மாட்டுவீர்கள்? கார் ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார்களை நெடுந்தூரம் ஏற்றிச் செல்லும் தொழிலில் இருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய லாரி என் காரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. கீறல் இல்லை, நெளிவு இல்லை. ஓட்டுநர் நீட்டிய தாளில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று நானும் கையெழுத்துப் போட்டேன். லாரி போன பிறகு காரைக் கிளப்பித் தெருமுனை வரை ஓட்டினேன். திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால், பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த கை பிரேக்கை இழுத்ததால் பிழைத்தேன்.

வண்டி 1958-இல் செய்யப்பட்ட மோரிஸ் மைனர். அந்தக் காலத்துப் பிரேக் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. பெடலின் அழுத்தத்தைப் பிரேக்குக்குக் கடத்தும் எண்ணெய்ச் சுற்று நான்கு சக்கரத்துக்கும் ஒன்றேதான். இன்றைய கார்களில் ஒரு சுற்றுப் போனாலும் மற்றொன்று பாதி பிரேக்காவது பிடிக்கும். இதில் எந்த மூலையில் ஒழுகினாலும் நான்கும் போயிற்று. பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான பின் ஆக்ஸிலை ஒட்டி, பென்சில் தடிமன்கூட இல்லாத உலோகக் குழாய் ஒன்று ஓடுகிறது. காரை லாரித் தளத்தோடு பிடித்துக் கட்டும் பெல்ட்டை உங்கள் ஆள் ஆக்ஸிலைச் சுற்றிப் போட்டு, அதை இறுக்கும் ராட்செட்டை முறுக்கியபோது அந்தக் குழாயையும் சேர்த்தே கட்டிவிட்டார்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். குழாய் ஓரிடத்தில் சப்பையாக நசுங்கி, அதன் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி ஈரம். ஆக்ஸில் மேல் பல வருடமாகப் படிந்திருந்த கறுப்புப் பிசுக்கில் பெல்ட்டின் நெசவு வரிவரியாகப் பதிந்திருந்தது. வேறு சாட்சி வேண்டுமா? இறக்கும்போது, உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் கம்பியில் விட்டு மெல்ல இறக்கினார்கள். அதனால் பிரேக்கை மிதிக்கும் தேவை எனக்கு முன்னால் யாருக்கும் வரவில்லை.

நான் யோசிக்காமல் உங்களிடம் வந்தவன் அல்லன். ஓட்டிக்கொண்டே போகலாமே என்றார்கள் நண்பர்கள். 948 சி.சி. எஞ்சினை நாள் முழுக்க விரட்டி, அது வழியில் சூடேறி நின்றால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? கார்களை இரண்டு தட்டாக ஏற்றும் திறந்த லாரியான கேரியர் மலிவு. ஆனால் மேல் தட்டில் நிற்கும் காரின் எண்ணெய் கீழ்த்தட்டுக் காரின் கூரையில்தான் சொட்டும். எதிரே தெறிக்கும் கல்லும் மழையும் வேறு. துணி உறை போட்டால் காற்றில் அது படபடத்து, ஒட்டிய தூசியோடு பெயின்டைத் தேய்த்தே எடுத்துவிடும். கடல் கடக்க வேண்டும் என்றால் கன்டெய்னரே சரி. 20 அடி கன்டெய்னருக்குள் இந்த வண்டி தாராளமாக அடங்கும். தரைவழிக்கு மூடிய லாரிதான் நல்லது என்று முடிவுசெய்து, கூடுதல் பணம் கொடுத்துப் பதிவு செய்தேன்.

லாரி மூடியிருக்கிறதா என்று விசாரித்த எனக்கு, உள்ளே எப்படிக் கட்டுவார்கள் என்று எழுதி வாங்கத் தோன்றவில்லை. தொலைபேசியில் கேட்கத்தான் கேட்டேன். “கவலைப்படாதீர்கள் சார், எத்தனையோ கார் ஏற்றியிருக்கிறோம்” என்றது பதில். எத்தனை கார்களின் குழாயை நசுக்கியிருக்கிறீர்கள் என்று அப்போது கேட்காதது என் தவறு.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். பணம் வாங்கும் முன்பே, பெல்ட்டை எங்கே மாட்டுவீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். கட்டி முடித்ததும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இது ராக்கெட் விடும் வேலை இல்லை. டயரைச் சுற்றி மாட்டும் பெல்ட்டுகள் உங்கள் லாரியிலேயே தொங்குகின்றன. சக்கரத்தைத் தரையோடு பிடித்துவிட்டால் வண்டியின் உடல் தன் ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக அசைந்துகொண்டு வரும், குழாய்க்கும் ஆபத்தில்லை. ஆக்ஸிலில்தான் கட்டியாக வேண்டும் என்றால், குனிந்து ஒரு நிமிடம் பார்த்து, குழாய் இல்லாத இடமாகப் போடலாம். முன்பக்கம் கொக்கியை ஸ்டீயரிங் ராடில் மாட்டி அதை வளைத்து அனுப்பும் கைவரிசை எனக்கு நேரவில்லை. அந்த மட்டில் நன்றி.

யார் கட்டியது என்று கேட்டால் அது இன்னொரு கதை. நான் பதிவு செய்தது ஒருவரிடம். அவர் வெறும் ஏஜென்ட். ஏற்றிய லாரி இன்னொருவருடையது. பாதி வழியில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றாமவருடைய லாரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆக, என் கார் இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறது. முதல் கட்டா, இரண்டாம் கட்டா என்று கேட்டால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் கிணற்றில் போட்ட கல். முன் கண்ணாடியின் உள்பக்கம் நான் ஒட்டிவிட்ட தாள், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை எவ்வளவு இழுப்பது, இது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டி, இன்றைய கார்களைப் போல நினைத்து வேறு பேட்டரியைக் கோத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்றெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிய தாள், நான்காக மடிக்கப்பட்டு இருக்கைக்கு அடியில் கிடந்தது. அதில் கடைசி வரி: 'பின் ஆக்ஸிலில் பிரேக் குழாய் உண்டு, கவனம்.' அவ்வளவு அழகாக மடித்தவர் ஒரு முறை படித்துமிருக்கலாம்.

உங்கள் ஒப்படைப்புத் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் காரின் முன், பின், இரு பக்கம், கூரை எல்லாவற்றுக்கும் கோட்டுப் படம் இருக்கிறது. கீறலுக்கு ஒரு குறி, நெளிவுக்கு ஒரு குறி. அடிப்பக்கத்துக்கு மட்டும் படம் இல்லை. நீங்கள் கைவைப்பது அடிப்பக்கத்தில்; கையெழுத்துக் கேட்பது மேல்பக்கத்துக்கு! இழப்பீடு கேட்டபோது அதே தாளைத்தான் என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். காப்பீட்டுக்காரரோ வண்டியின் வயதைப் பார்த்து, அதற்கு மதிப்பே இல்லை என்கிற தொனியில் பேசினார். மதிப்பை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதும் காப்பீடு வேறு, தேய்மானம் கழிக்கும் காப்பீடு வேறு என்பதைப் பதிவின்போது ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இது. அதன் விலை தேய்மானக் கணக்கில் பூஜ்யமாம்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் கருத்தாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். குனிந்து பார்த்துக் கட்டும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கேட்பது ஒரு சுமையாக இராது. தயவுசெய்து, எந்த லாரி, வழியில் மாற்றுவீர்களா, பெல்ட்டை எங்கே மாட்டுவீர்கள் என்பதை ஏற்றும் முன் எழுதித் தாருங்கள். ஒப்படைப்புத் தாளில் அடிப்பக்கத்துக்கும் ஒரு படம் சேருங்கள்.

குழாயை மாற்றியாயிற்று. இன்னும் சில மாதங்களில் இந்த வண்டி மறுபடியும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. மேற்கண்டதற்கு எழுத்தில் பதில் தரும் நிறுவனத்திடம்தான் சாவியைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பெடல் தரைதட்டிய மோரிஸ் மைனரின் உரிமையாளர்