கெமிஸ்ட்ரிக்காரருக்கு இதில் வேலை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த குவாண்டம் கணினிக் கட்டுரையில், ‘இது இயற்பியலும் கணினியும் படித்தவர்களின் களம், வேதியியல் படித்தவர்கள் சாயப்பட்டறையோடு நின்றுவிடுவார்கள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. திருப்பூரில் பட்டறை லேபிலேயே தலை நரைத்துப்போன என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டர்காய்ஸ் நீலம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மற்ற ரியாக்டிவ் சாயங்கள் பெரும்பாலும் 60 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். இது 80 டிகிரி கேட்கும். மூலக்கூறு அவ்வளவு பெரிசு, நூலுக்குள் லேசில் இறங்காது. கழுவக் கழுவத் தண்ணீர் நீலமாகவே வரும். அந்த நிறத்துக்கு அடிப்படை காப்பர் தாலோசயனின். அதன் நடுவில் இருக்கும் செம்பு அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அந்த எலக்ட்ரானின் ‘ஸ்பின்’ என்கிற காந்தப் பண்பை, குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான க்யூபிட்டாகப் பயன்படுத்தலாம் என்று லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் காட்டினார்கள். 5 கெல்வின் (ஏறக்குறைய மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) குளிரில் 2.6 மைக்ரோ வினாடி அந்தக் குவாண்டம் நிலை கலையாமல் நின்றது. செம்புக்குப் பதில் வனேடியம் வைத்த மூலக்கூறு, 2016இல் அறை வெப்பத்திலேயே ஏறக்குறைய 1 மைக்ரோ வினாடி தாங்கியது. நிலையைக் கலைப்பதில் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றை டியூட்டீரியமாக, அதாவது கன ஹைட்ரஜனாக, மாற்றினால் ஆயுள் கூடுகிறது. எந்த உலோகம் வைப்பது, பக்கத்தில் எந்த அணு இருக்கலாம், இரண்டு மூலக்கூறுகளை எதைக் கொண்டு இணைப்பது, இதெல்லாம் கெமிஸ்ட் குடுவையில் செய்கிற வேலை இல்லையா? தங்களுக்குத் தெரியாததல்ல.

சாயப்பட்டறை என்றாலே சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் படம் போடுகிறீர்கள். தப்பு நடந்தது, மறுக்கவில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது நாங்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு கழிவுநீரிலிருந்து உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுக்க ராப்பகலாக நின்ற கெமிஸ்ட்டுகளைப் பற்றி ஒரு பத்தி உண்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் உங்கள் வழிகாட்டிப் பக்கம் முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். என் மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, மேஜையில் இருந்தவர், “ஏங்கண்ணு, வேறெதும் கெடைக்கலையா?” என்றார். பிள்ளையின் முகம் சுண்டிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த எண்ணம் ஊரில் எங்கிருந்து பரவுகிறது என்று தாங்களே யோசியுங்கள். 2023இல் 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான தேசிய குவாண்டம் திட்டத்தில்கூட, பொருள்களுக்கும் கருவிகளுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது.

அந்த வரிக்கு நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். கல்லூரி அட்மிஷன் முடிவதற்குள் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
சாயப்பட்டறை ஆய்வகப் பணியாளர்,
திருப்பூர்.