ஓதம் பார்த்துக் கிளம்பு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடமாட ஆரம்பித்துவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. ஓய்வு பெற்ற கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறாயாமே! இத்தனை வருஷம் கோப்புக்குள் தலையைப் புதைத்திருந்த மனுஷனா இது என்று இவள் கேட்டுச் சிரிக்கிறாள். எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள், இனி வீட்டில் வேறு யாரும் பேச முடியாது. அவ்வளவுதான்.

600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இந்த வயதில் ஆசையை அடக்கி என்ன ஆகப்போகிறது? ஆனால் கடற்கரையில் பறவையைக் கிட்டத்தில் கொண்டுவருவது லென்ஸ் இல்லை, தண்ணீர். ஓதம், அதாவது கடல் ஏற்றம், வற்றியிருக்கும்போது கரைப்பறவைகளான உள்ளான்களும் மூக்கன்களும் சேற்றுவெளியின் கோடியில் புள்ளி புள்ளியாக மேயும். எவ்வளவு நீளமான லென்ஸை மாட்டினாலும் கானல் நடுக்கம்தான் படத்தில் விழும். தண்ணீர் ஏற ஏற மேய்ச்சல் இடம் சுருங்கி, அவை தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கிவரும். ஓதம் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படுகிற மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடு. உடம்பு ஒத்துழைத்தால் படுத்தே விடு. பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் படமே வேறாகிவிடும். ஓத நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும் என்பதால் அட்டவணை பார்க்காமல் கிளம்பாதே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும். சமயத்தில் பறவைகள் நிற்கிற மணல்திட்டே மூழ்கி, கூட்டம் வேறெங்கோ போய்விடும். நடுத்தரமான ஏற்றம்தான் நமக்குத் தோது.

நாமே நடந்துபோய் நெருங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அப்படியே நின்றால், நாம் போதுமான அளவுக்கு மேல் வந்துவிட்டோம் என்று அர்த்தம். கூட்டத்தையே கிளப்பிவிட்டு, பறக்கும் படம் கிடைத்தது என்று மார்தட்டுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டைவால் மூக்கனை எடுத்துக்கொள். 2022 அக்டோபரில் ஒரு இளம் பறவை, பிறந்து ஐந்து மாதம்தான் இருக்கும், அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்து போய்ச் சேர்ந்தது. உடம்பில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி வழியாகப் பதிவான பயணம் அது. நடுவில் தீனி கிடையாது, கிளம்புமுன் ஏற்றிக்கொண்ட கொழுப்புதான். அந்தச் சமயத்தில் குடலும் இரைப்பையும்கூடச் சுருங்கிவிடும். சேற்றில் மேய்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதற்குக் கட்டுச்சோறு. நம் ஒரு படத்துக்காக அதைத் தட்டிவிடலாமா?

பக்கத்துப் பூங்காக் குளத்தை அற்பமாக நினைக்காதே. நகரத்துப் பறவைகள் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை, நாட்டுப்புறத்தில் இருப்பவற்றைவிட நம்மைக் கிட்ட விடும். கை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. சின்னக் கொக்கைப் பார்: கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஒரு பாதத்தைத் தண்ணீருக்குள் முன்னால் நீட்டி, விரல்களைக் கிடுகிடுவென்று நடுக்கும். அடியில் ஒளிந்திருக்கும் மீன்குஞ்சு மிரண்டு ஓடும்போது அலகு பாயும். பாய்வதற்குச் சற்றுமுன் கழுத்து மடிந்து இறுகும். அந்த இறுக்கத்தைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த ஆரம்பி. மீன் கண்ணில் பட்ட பிறகு அழுத்தினால் வெறும் நீர்வட்டம்தான் மிஞ்சும். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வை. இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளை இறகு வெளிறிப்போகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறை. அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை வாங்கும் திறனுக்கான அளவு, ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், மீன்கொத்தி தண்ணீரில் பாயும் படத்தில் கண் வெள்ளையாக விழுந்தால் கேமராவைத் திட்டாதே. அந்த நேரத்தில் அதன் மூன்றாவது இமை மூடியிருக்கும்.

போனில் கூவலைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டை விட்டுவிட்டு அது மல்லுக்கு வரும். கூவலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியைக் காது பழக வைத்துக்கொள், தப்பில்லை. ஆனால் அது சொல்கிற பெயரைக் கண்ணால் உறுதிசெய்யாமல், பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்டு இணையதளப் பட்டியலில் ஏற்றாதே.

இப்போது முக்கியமான விஷயம். நீ அனுப்பிய படங்களில் ‘இது தேறாது’ என்று எழுதியிருந்தாயே, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு கல்திருப்பி உள்ளான், மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பிடித்தது. காலைப் பெரிதாக்கிப் பார். சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கொடி தெரியும். ஆய்வாளர்கள் பிடித்து மாட்டிவிட்டது. கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில், அதாவது இப்பறவைகள் ஆண்டுதோறும் போய்வரும் வழியில், கொடியின் நிறமே மாட்டிய இடத்தைச் சொல்லிவிடும்: ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா. அதில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்க முடிந்தால் தகவலை மாட்டியவர்களுக்கு அனுப்பலாம். எந்த வருஷம், எந்தக் கரையில் பிடித்தார்கள், நடுவில் வேறு யார் கண்ணில் பட்டது என்பதெல்லாம் பதிலாக வரும்.

உன் படத்தில் முதல் எழுத்து ‘ஏ’ மாதிரி இருக்கிறது, அடுத்தது ‘பி’யா எட்டா என்று புரியவில்லை. வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிட்டது. அசல் கோப்பை மெயிலில் போடு, எடுத்த தேதியும் இடமும் சேர்த்து. முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் அழித்துவிடாதே. ஏதாவது ஒன்றில் கால் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

அன்புடன்,
ராகவன்