சட்டத்துக்குள் இருக்கும் தாள் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், பழைய கோபுரப் படத்தாள்களை இணைய ஏலத்தில் வாங்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது பற்றி எழுதியிருந்தீர்கள். தாள் பழுத்திருந்தால் இன்னும் அழகு என்று அதில் ஒரு வரி. படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்படி விற்பனைக்கு வரும் தாள்களில் பல, ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து பிளேடு போட்டு அறுத்தவை. நீங்கள் அச்சிட்டிருந்த படத்தைப் பாருங்கள். மூன்று ஓரம் நேராக இருக்கிறது, இடது ஓரம் மட்டும் மேலிருந்து கீழே லேசாகக் கோணிக்கொண்டு வருகிறது. அறுத்தவர் அடிமட்டம் வைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார். எனக்கு அதெல்லாம் உடனே கண்ணில் படும். பொதுப்பணித்துறையில் 31 வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து, டிரேசிங் தாளும் அம்மோனியா பிரிண்ட் நாற்றமுமாகக் காலம் தள்ளி, 2009இல் ஓய்வு பெற்றவன் நான்.

கட்டடக்கலைப் பழைய நூல்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது சென்னையில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட்டில். சேப்பாக்கத்துத் தலைமை அலுவலகத்துக்கு வரைபடக் கட்டோடு போகும்போதெல்லாம் திரும்பும் வழியில் அங்கே நுழைந்துவிடுவேன். 1985இல் அது எரிந்துபோனது. அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. பிறகு என் மருமகன் கணினியில் ஏலத் தளங்களைக் காட்டிக் கொடுத்தார். இன்றுவரை கிரெடிட் கார்டு அவருடையது, கண் விழிப்பது நான்.

விழிப்பு என்று சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஞாயிறு இரவு 9 மணிக்கு ஏலம் முடிகிறது என்றால் கோடையில் நமக்கு அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 2.30. நாம் போகத் தயாராக இருக்கும் உச்சத் தொகையை முன்கூட்டியே போட்டுவிட்டுத் தூங்கலாம்தான், தளமே நமக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஆனால் நாள் முழுக்கச் சத்தமே போடாமல் இருந்துவிட்டுக் கடைசிப் பத்து விநாடியில் வந்து அடித்துக்கொண்டு போகும் ஆட்கள் இருக்கிறார்கள். 2012இல் ஒருமுறை நானும் அப்படிக் காத்திருந்தேன். மூன்று நிமிடம் பாக்கி இருந்தபோது கும்பகோணத்தில் மின்வெட்டு. அந்த வருடம் மின்சாரம் எப்படி இருந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் போனதே போனது.

முதலில் கையில் கிடைத்தது சின்னப் புத்தகம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் பிரெஞ்சில் எழுதியதன் சுருக்கம், 1917இல் ஆங்கிலத்தில் சென்னையில் அச்சானது. கல்வெட்டு இல்லாவிட்டாலும் கோயிலின் காலத்தைச் சொல்லலாம், தூணுக்கு மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பார் என்கிறார். அவர் வேலை செய்துகொண்டிருந்த ஸ்தபதிகளிடமே போய் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அதை ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன், சோழர் கால வெட்டுப் போதிகை, முனையைச் சாய்வாக வெட்டியது. மறுநாள் எங்கள் ஊர் ராமசாமி கோயிலில் நாயக்கர் காலத் தூண்களை அண்ணாந்து பார்த்தேன், பூப்போல மலர்ந்து தொங்கும் போதிகை. ஐம்பது வருடமாக அந்தக் கோயில் வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன், அன்றைக்குத்தான் தூணுக்கு மேலே பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராம் ராஸ் தஞ்சாவூர்க்காரர். பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். மானசாரம் முதலிய சிற்ப நூல் சுவடிகளைத் தேடிப் படித்து ஆங்கிலத்தில் எழுதினார். சாஸ்திரிகளுக்குத் தொழிற்சொல் புரியவில்லை, சிற்பிகளுக்கு வடமொழி புரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து அந்த நூலை அவர் உருவாக்கினார். லண்டனில் ராயல் ஏசியாடிக் சொசைட்டி அதை 1834இல் வெளியிட்டது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. மொத்தம் 48 படத்தாள்கள்.

இந்த நூல் ஒரு ஏலத்துக்கு வந்தபோது விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தது. என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அட்டை, தலைப்புப் பக்கம், இரண்டு கோபுரப் படம் என்று நான்கு புகைப்படம் போட்டிருந்தார்கள். படத்தாள் எத்தனை என்று விவரத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஜெயித்தேன். பார்சல் வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து எண்ணினேன். 31 இருந்தது. மீதி 17 இருந்த இடத்தில் தையலை ஒட்டி விரல் அகல விளிம்பு மட்டும் நின்றது, பல் பிடுங்கிய ஈறு மாதிரி. விற்றவருக்கு எழுதினேன். எல்லாக் குறைகளோடும் விற்பதாகத்தான் போட்டிருக்கிறோம், திரும்ப வாங்க மாட்டோம் என்று பதில் வந்தது. உண்மைதான், கீழே பொடி எழுத்தில் இருந்தது.

நாலு மாதம் கழித்து அதே தளத்தில் தனித்தாளாக ஒரு கோயில் விமானப் படம், 'கிழக்கத்திய அலங்கார ஓவியம்' என்ற பெயரில் வந்தது. கீழ் வலது மூலையில் தண்ணீர்க் கறை, அவரைக்காய் வடிவில். என் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். படம் இல்லாத இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதே அவரைக்காய், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறி இருந்தது. என் புத்தகத்துத் தாளையே நான் ஏலம் கேட்டு வாங்கினேன். அப்புறம் இன்னொன்றும் கிடைத்தது. இரண்டுக்கும் கொடுத்த பணம், முழுப் புத்தகத்துக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல். வியாபாரக் கணக்கு புரிகிறது அல்லவா? முழுசாக விற்பதைவிடக் கூறு போட்டால் லாபம்.

பிரித்தால் என்ன, படம் எங்கோ ஒரு சுவரில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று என் மருமகனே கேட்டார். படத்தில் இருப்பது வடிவம் மட்டும். அதிஷ்டானம் என்னும் கோயில் அடித்தளத்தில் அடுக்கடுக்காக வரும் உபானத்துக்கு எத்தனை பங்கு உயரம், ஜகதிக்கு எத்தனை, குமுதத்துக்கு எத்தனை என்ற கணக்கு உரையில் இருக்கிறது. உரையில்லாத படத்தை வைத்து ஸ்தபதி ஒரு கல்லும் செதுக்க முடியாது, படம் இல்லாத உரையை என்னால் வாசிக்க முடியவில்லை. இணையத்தில் இலவசமாக ஸ்கேன் கிடைக்கிறதே என்பார்கள். நானும் பார்க்கிறேன், நல்ல காரியம்தான். ஆனால் பழைய நூல்களில் மடித்து வைத்த பெரிய படங்களை விரிக்காமல் மடிப்போடேயே ஸ்கேன் செய்திருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த ஸ்கேனையே அச்சடித்துத் தோல் அட்டை போட்டு 'அரிய பதிப்பு' என்று விற்பவர்களும் உண்டு. ஃபெர்குசன் எழுதிய இந்தியக் கட்டடக்கலை வரலாற்றின் 1876 முதற்பதிப்பு என்று நம்பி நான் வாங்கியதில், ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் ரப்பர் உறை போட்ட கட்டைவிரல் அச்சாகியிருந்தது. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நம் ஊரிலும் இப்படி ஆகிறது என்பதால்தான் இந்தக் கடிதம். வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்', 1978இல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வெளியிட்டது, எனக்கு வெளிநாட்டு ஏலத்தில் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடையில், ஒரு பொறியாளர் வீட்டிலிருந்து எடைக்கு வந்த மூட்டையில் கிடைத்தது. அதிலும் நாலு தாள் இல்லை. வீட்டில் பெரியவர் இப்படிப் புத்தகம் விட்டுப் போயிருந்தால் எடைக்குப் போடாதீர்கள். விற்பதானால் தாராளமாக விற்கலாம், நல்ல விலை வரும். படங்களை எண்ணி, எண்ணிக்கையை எழுதி, முழுசாக விற்றால் போதும். வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இத்தனை படம் இருக்க வேண்டும், இருக்கிறதா? ஏல நிறுவனம் என்றால் ஏலம் முடிந்த சுத்தியல் விலைக்கு மேல் அவர்கள் கமிஷன் 20, 25 சதவீதம், அதற்கு மேலும் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். இறக்குமதிப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் போட்ட 5 சதவீதச் சுங்கவரி வேறு.

கடைசியாகச் சொந்த விஷயம் ஒன்று. என் ராம் ராஸ் புத்தகத்தின் தாள் இன்னும் 15 வெளியே இருக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது பழைய கோயில் விமானப் படமோ தூண் படமோ மாட்டியிருந்தால், சட்டத்தை ஒருமுறை கழற்றிக் கீழ் வலது மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரைக்காய்க் கறை இருந்தால் முன்புறம் பின்புறம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். தாளைக் கேட்க மாட்டேன், அது அவர்கள் காசு கொடுத்து வாங்கியது. அளவு தெரிந்தால் டிரேசிங் தாளில் நானே வரைந்து அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்,
கும்பகோணம்