ஏரிக்கரை மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: பெரிய ஏரி தென்கரைத் தெருவாசிகள்
பெறுநர்: உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: ஜூன் 5-ல் நடும் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது தொடர்பாக.
பார்வை: சென்ற ஜூலை, அக்டோபர், இந்த ஜனவரி மாதங்களில் நேரில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதகிலிருந்து அய்யனார் கோவில் வரை உள்ள கரை தாங்கள் தினமும் ஜீப்பில் போகும் வழிதான். சுற்றுச்சூழல் தினத்துக்கு அங்கேயே மறுபடியும் கன்று நடப்போவதாகக் கேள்விப்பட்டு இதை எழுதுகிறோம்.

1. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் என்பதால் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினமானது. ஜூலை முதல் வாரத்தில் மரம் நடும் விழாவான வன மகோத்சவத்தை 1950-ல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கினார். வடக்கே அப்போது தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், நட்ட கன்றை மழையே பார்த்துக்கொள்ளும். நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான். வைகாசி வெயிலில் நட்டால் நான்கு மாதம் குடத்தால்தான் ஊற்ற வேண்டும்.

2. சென்ற ஆண்டு புங்கன், வேம்பு, நாவல் என்று 120 கன்றுகள். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று நட்டு, தங்கள் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினார்கள். தண்ணீர் லாரி இரண்டு நாள் வந்தது. அப்புறம் வரவே இல்லை. எங்கள் தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்தான் தண்ணீர். அதிலும் பெண்கள் ஆளுக்கு இரண்டு குடம் கரைமேல் சுமந்தோம். எத்தனை நாள் முடியும் ஐயா? என் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும்போது பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன் நாவல் கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். ஆடி பிறக்கும் முன்பே அது குச்சியாகிவிட்டது. "நான் ஊத்துனது பத்தலையா பாட்டி?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அவள் பெயர் எழுதிய அட்டை அந்தக் காய்ந்த குச்சியில் ஐப்பசி வரை ஆடிக்கொண்டிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போனாள்.

3. கம்பிக் கூண்டுகளை விழா முடிந்த மறுவாரமே எடுத்துப் போனார்கள். மிச்சத்தை ஆடு மேய்ந்தது.

4. இப்போது அதே குழிகளைத் தோண்டுகிறார்கள். காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் புதுக் கன்றா? மூன்று மனு கொடுத்தோம், ரசீது மட்டும்தான் கையில் இருக்கிறது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. பிள்ளைகளை மறுபடியும் கூப்பிட்டு நடச்சொல்லாதீர்கள் ஐயா, மனசு தாங்கவில்லை.

நடுவதை ஐப்பசிக்குத் தள்ளிவையுங்கள். ஜூன் 5-ல் விழா நடக்கட்டும், பிள்ளைகளும் வரட்டும். அன்றைக்கு இருக்கிற கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, கூண்டு கட்டினால் போதும். முடியாது, நட்டே ஆக வேண்டும் என்றால் மழை வரும்வரை வாரம் இரண்டு லாரி என்று எழுத்தில் கொடுங்கள்.

120-ல் ஒன்பது கன்றுகள் இன்னும் நிற்கின்றன. ஐந்து வேம்பு, நான்கு புங்கன். இந்தக் கத்திரி வெயிலில் அவையும் வாடுகின்றன. தயவுசெய்து இந்த வாரமே ஒரு லாரி தண்ணீராவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தென்கரைத் தெருவாசிகள்
(கையொப்பங்கள் பின்பக்கத்தில்)