பனியைத் தோண்டிப் பார்த்த பிறகு எங்களை ஏற்றுங்கள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இமயமலைக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் மலையேற்றக் குழு நடத்துநர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பயணத்துக்கான உங்கள் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. ‘சீசனின் முதல் பனி, முதல்முறை வருபவர்களுக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

போன டிசம்பரில் உங்களைப் போன்ற ஒரு குழுவோடு உத்தரகாசி மாவட்டத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் காலை ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். முந்தைய இரவு புதுப்பனி விழுந்து, காற்றும் பலமாக அடித்திருந்தது. ஊன்றுகோலைக் குத்தினேன். மேலே ஒரு சாண் கெட்டியாகப் பிடித்தது. அதைத் தாண்டியதும் பிடிமானமே இல்லாமல் தரைவரை இறங்கிவிட்டது. அடியிலிருந்து கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். சீனி மாதிரி இருந்தது. உருட்டினால் உருளவில்லை, விரலிடுக்கில் உதிர்ந்தது. குழுத் தலைவரிடம் காட்டினேன். “சீசன் இப்பதான் ஆரம்பம். முழங்கால் அளவு பனியில என்ன சரியப்போகுது?” என்றார்.

பனி குறைவாக இருப்பதுதான் அங்கே ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது. மேல்பரப்போ தெளிந்த இரவில் அதைவிடப் பல டிகிரி கீழே போய்விடுகிறது. பனி மெல்லியதாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் இரண்டடிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அடிப்பனி ஒட்டாத மணிகளாக மாறுகிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி கெட்டிப் பலகையாக உட்கார்ந்துவிட்டால், 30 முதல் 45 டிகிரி சரிவில் அது பெயர்ந்து சரிய ஒருவருடைய எடையே போதும்.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சமையல் சாமான்களைச் சுமந்து வந்த உள்ளூர்ப் பையனை முன்னால் போய்த் தடம் போடச் சொன்னார் தலைவர். இருபது வயது இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் அடுப்பு. அவன் சரிவின் நடுவுக்குப் போனபோது ‘தும்’ என்று ஒரு சத்தம், எங்கள் காலடி வரை அதிர்ந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு விரிசல் பத்தடி ஓடி நின்றது. நல்லவேளை, பனி சரியவில்லை. அவன் அசையாமல் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் பதினான்கு பேர். ஒருவரிடமும் ஒரு மண்வெட்டிகூட இல்லை.

புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர்கூடச் சந்தேகம். எந்த மீட்புப் படையும் அதற்குள் அங்கே வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும், எதைக் கொண்டு தோண்டுவது?

அதனால் கேட்கிறேன். பனியைத் தோண்டி அடுக்குகளைப் பார்க்காமல் யாரையும் சரிவில் ஏற்றாதீர்கள். ஏற்றுவதானால் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் கம்பி, மண்வெட்டி மூன்றையும் ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். சுமை தூக்குபவருக்கும் கொடுங்கள்.

2022 அக்டோபர் 4 அன்று அதே மாவட்டத்தில், திரௌபதி கா டண்டா மலையில், மலையேற்றப் பயிற்சி நிறுவனக் குழு ஒன்றின் மேல் பனி சரிந்து 29 பேர் போனார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், கூடவே பயிற்றுநர்கள். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்த்திராத எங்களை நீங்கள் எந்த நம்பிக்கையில் கூட்டிப்போகிறீர்கள்? உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையெழுத்து வாங்க மறப்பதில்லை. படம் எடுக்க ட்ரோன் வருகிறது, முடித்தவர்களுக்குச் சான்றிதழ் வருகிறது. மண்வெட்டி மட்டும் கனம் என்று பேஸ் கேம்ப்பிலேயே தங்கிவிடுகிறது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலையை எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. என் தங்கை மகள் இந்த டிசம்பருக்கு உங்களில் ஒருவரிடம் முன்பணம் கட்டியிருக்கிறாள். தினமும் பனியைத் தோண்டிப் பார்ப்பீர்களா, சரியில்லை என்றால் திரும்பிவிடுவீர்களா, எத்தனை மண்வெட்டி எடுத்துப்போகிறீர்கள் என்று அவள் கிளம்புவதற்குள் தயவுசெய்து எழுதிச் சொல்லுங்கள். சுமை தூக்குபவர்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போன டிசம்பரில் அந்தச் சரிவில் நின்ற பதினான்கு பேரில் ஒருவன்