புல்வெளியில் மரம் நடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பிறந்துவிட்டால் உதகை, கொடைக்கானல் மலைகளில் மரக்கன்று நடும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. நடுபவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் குழி தோண்டும் இடம் பல நேரங்களில் இயற்கையான புல்வெளியாக இருக்கிறது. அது காடு அழிந்து மொட்டையான நிலம் அல்ல. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கு மண்ணை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரியவந்தது. 'சோலை' எனப்படும் இம்மலைகளின் இயற்கைக் காட்டு மரங்கள் ஓடையோரங்களிலும் மலை மடிப்புகளிலும் ஒதுங்கி நிற்கும். திறந்த வெளியில் டிசம்பர், ஜனவரி உறைபனி சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும்.

இந்தப் புல்வெளியைத் 'தரிசு' என்று கணக்கில் எழுதியது ஆங்கிலேய நிர்வாகம். 1843-இல் அயல்நாட்டு மரமான கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. இன்னொரு அயல்நாட்டு மரமான சீகையும் (வாட்டில்; சீகைக்காய்ச் செடி அல்ல) அதே காலத்தில் வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பிறகும் ரேயான் நூலுக்கான மரக்கூழுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் புல்வெளிகளில் இவற்றை நட்டுக்கொண்டே போனோம்.

விலையைத் தண்ணீரில் கொடுத்தோம். நீலகிரியின் கிளன்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டைத் தொட்டது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால், துளிர்த்த மரம் தொடக்கத்திலிருந்தே அதிகம் உறிஞ்சியது. இம்மலையின் பைக்காரா ஆற்று நீர் மாயாற்றில் கலந்து பவானிசாகர் அணைக்குப் போகிறது. ஆகவே இது மலைக்காரர்களின் கவலை மட்டுமல்ல, ஈரோட்டு வயல்களின் கவலையும்கூட.

அன்னிய மரங்களை அகற்றும் பணி இப்போது நடப்பதை வரவேற்கிறோம். ஆனால் 'வெட்டி, ஏற்றி, முடித்தோம்' என்ற ஒப்பந்த முறை இதற்குப் பொருந்தாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சரிவு முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்டி, பொக்லைன் விட்டு மண்ணைப் புரட்டினால், வெயில் பட்டதும் பாய் விரித்தாற்போல் சீகை நாற்று கிளம்பும். மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதரும் கூடவே ஏறும். நெருப்பு வைத்தால் இன்னும் மோசம். சூடு பட்ட விதை முளைக்கத்தான் செய்யும்.

பெரிய மரங்களை நிற்கவைத்தே பட்டை உரிக்கலாம். இடுப்பளவிலிருந்து வேரடி வரை சுற்றிலும் உரிக்க வேண்டும். விரல் அகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். மரம் மெல்லக் காய்வதால் வெளிச்சமும் மெல்லத்தான் இறங்கும். நாற்றுகளை மழைக்காலத்தில், மண் நெகிழ்ந்திருக்கும்போது, முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் வேரோடு பிடுங்க வேண்டும். வேர் அறுந்தால் சில வகைகள் மறுபடி துளிர்க்கும். ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவையே பூத்துக் காய்த்து மண்ணில் விதையை நிரப்பிவிடும்.

புல் தானாக விரைவில் திரும்பாது. சாலைக்காக வெட்டிய சரிவுகளிலிருந்து உள்ளூர்ப் புல் தூர்களை எடுத்து, நான்கைந்து கிளைப்புகளாகப் பிரித்து, இலையை அரையடிக்குக் கத்தரித்து, நாற்றங்காலில் வேர்பிடிக்கவிட்டு, தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் ஓரடி இடைவெளியில் நட வேண்டும். நல்ல புல்வெளியைத் தோண்டித் தூர் எடுக்கக் கூடாது. சீக்கிரம் பச்சையாகிறதே என்று கிக்குயு புல்லைப் பரப்புவதும் தவறு; அது மெத்தையாகப் படர்ந்து உள்ளூர்த் தூர்ப்புற்களை நெருக்கிவிடும்.

எல்லாச் சீகைத் தோப்பையும் வெட்ட வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பழனி மலையில் பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அங்கே கோடரி வைத்தால் அந்தக் கன்றுகள்தான் முதலில் சாகும். முதலில் தோப்புக்குள் நடந்து, தரையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

வனத்துறையிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அகற்றும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்தாண்டு நாற்றுப் பிடுங்கலுக்கான கூலியைச் சேர்த்தே ஒதுக்குங்கள். விழா நடத்துவோரிடம் கேட்பது: இந்த ஜூனில் மரக்கன்றுக்குப் பதிலாக ஒரு நாள் சீகை நாற்று பிடுங்க வாருங்கள்.

இப்படிக்கு,
புல்வெளி மீட்புப் பணியாளர்கள்,
உதகமண்டலம்.