வாட்டர்மார்க்குக்குப் பின்னால் பிஜப்பூர்

பழைய ஒளிப்படத் தொகுப்புகளைப் பாதுகாத்துவரும் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். போன வாரம் உங்களில் ஒரு காப்பகத்திலிருந்து வந்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. பெயர் சொல்லவில்லை, பல இடங்களில் நிலைமை இதுதான்.

நான் கேட்டது ஒரே ஒரு படம். 1850களில் எடுத்த, கர்நாடகத்தின் பிஜப்பூரில் (இன்றைய விஜயபுரா) இருக்கும் சுல்தான் கல்லறையான இப்ராகிம் ரௌஸாவின் ஜன்னல் தெரியும் படம். நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கல்லைக் குடைந்து அரபு எழுத்துகளையே ஜன்னலாக்கியிருக்கிறார்கள். எழுத்துகளின் இடைவெளி வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் விழும். எது அன்றைக்கே இருந்த கல், எது பின்னால் சேர்த்தது என்று மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

உங்கள் தளத்தில் இருப்பது உள்ளங்கை அகலப் படம். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது. போதாததற்குக் காப்பகத்தின் பெயர் வாட்டர்மார்க்காக அந்த ஜன்னலின் மேலேயே குறுக்காக ஓடுகிறது. அலிஃப் என்ற அரபு எழுத்து எங்கே முடிகிறது, உங்கள் பெயரின் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று ஒரு மாலை முழுக்க உற்றுப் பார்த்தேன். கண் வலித்ததுதான் மிச்சம். சரி, முழு அளவுப் படம் தாருங்கள் என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து வந்த பதிலில், என் சம்பளத்தில் பாதியைக் கட்டணமாகக் கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் ஒருமுறை காட்டுவதற்கு!

இந்தப் படங்கள் யார் செலவில் எடுக்கப்பட்டவை என்பது உங்களுக்கே தெரியும். 1855இல் பீரங்கிப் படை அதிகாரி தாமஸ் பிக்ஸை பிஜப்பூர் கட்டடங்களைப் படமெடுக்க நியமித்தது பம்பாய் அரசாங்கம். அந்தக் கஜானா இந்த நாட்டு மக்கள் கட்டிய வரியில் நிரம்பியது. எடுத்தவர்கள் காலமாகி நூறாண்டு தாண்டிவிட்டது, காப்புரிமையும் முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்தப் பூட்டு? முழு அளவுப் படங்களை, வாட்டர்மார்க் இல்லாமல், இலவசமாகத் திறந்துவிடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. பிரெஞ்சுக்காரர் ஜிரோ த ப்ரான்ஷே 1842இல் கிளம்பி, கெய்ரோ மசூதிகளை வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் படமெடுத்தார். அவற்றில் சில நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை அந்த அருங்காட்சியகம் 2017 முதல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. கெய்ரோ மினாரை என் மாணவன் கைப்பேசியில் கல் கல்லாகப் பார்க்கிறான். எங்கள் பக்கத்து மாநிலத்து ஜன்னலைப் பார்க்க வழியில்லை.

படக்குறிப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘மசூதி, பிஜப்பூர்’ என்று மட்டும் போட்டால் எந்த மசூதி? அந்த ஊரில் எத்தனை இருக்கின்றன! அளவு தெரிவதற்காகத் தூணோரம் நிறுத்திவைத்த மனிதரை ‘சுதேசி ஆள்’ என்று எழுதியதை இன்றும் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள். ஒன்றரை நூற்றாண்டாக அந்த மனிதர் அப்படியே நிற்கிறார். ஊர்க்காரர்கள் பார்க்க முடிந்தால் பாதிக் குறிப்புகளை அவர்களே திருத்தித் தருவார்கள்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பூச்சியும் ஈரமும் தின்னாமல் இந்தக் காகிதங்களைக் காப்பாற்றியது நீங்கள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்: முழு அளவுப் படங்களை இலவசமாகத் திறந்துவிடுங்கள். எல்லாவற்றையும் உடனே முடியாதென்றால் பிஜப்பூர் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஜூலையில் மறுபடி இந்தப் பாடம் வருகிறது. அதற்குள் அந்த ஒரு ஜன்னலையாவது தயவுசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடக்கலை ஆசிரியர்